முன்மொழிவும் ஏற்புறுதியும்: அமெரிக்க அரசமைப்புத் திருத்தங்களில் காலமும் ஒப்புதலும்

முன்னுரை

அரசமைப்புச் சட்டம் ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம். தன்னை மாற்றிக்கொள்வதற்கான வழியையும் அதுவே வகுத்துத் தருகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசமைப்பில் அவ்வழியைக் கூறுவது ஐந்தாம் உறுப்பு. ஒரே நீண்ட வாக்கியத்தால் ஆன அவ்வுறுப்பின்கீழ் இதுவரை 11,000க்கும் மேற்பட்ட திருத்த முன்மொழிவுகள் காங்கிரசில் கொண்டுவரப்பட்டுள்ளன. அவற்றுள் இரு அவைகளின் மூன்றில் இரு பங்கு ஆதரவைப் பெற்று மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டவை 33. மாநிலங்களின் ஏற்பைப் பெற்று அரசமைப்பின் பகுதியானவை 27.

ஒரு திருத்தம் இரண்டு செயல்களால் நிறைவு பெறுகிறது. ஒன்று முன்மொழிதல், மற்றொன்று ஏற்புறுதி வழங்குதல். இவ்விரண்டுக்கும் இடையே எவ்வளவு காலம் செல்லலாம்? ஒரு மாநிலம் அளித்த ஏற்பைத் திரும்பப் பெறலாமா? போதிய மாநிலங்கள் ஏற்றுவிட்டன என்று அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு உரியது? இம்மூன்று வினாக்களுக்கும் ஐந்தாம் உறுப்பில் விடை இல்லை. அவ்விடைகள் இருநூறு ஆண்டு அரசியல் வரலாற்றில் எவ்வாறு தேடப்பட்டன என்பதையும், அவை இன்றும் ஏன் முற்றுப்பெறவில்லை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒருமனதின் இடர்

இன்றைய அரசமைப்புக்கு முன்னர் 1781ஆம் ஆண்டு முதல் நடப்பில் இருந்தது கூட்டமைப்புச் சட்டம். அதனைத் திருத்த வேண்டுமாயின் 13 மாநிலங்களும் ஒருமனதாக இசைய வேண்டும். விடுதலைப் போரின் கடனைத் தீர்க்க, இறக்குமதிப் பொருள்கள்மீது 5 விழுக்காடு வரி விதிக்கும் அதிகாரத்தைக் காங்கிரசு 1781இல் கோரியது. ஏனைய மாநிலங்கள் இசைந்து வந்த நிலையில் ரோட் ஐலண்டு என்னும் சிறு மாநிலம் மறுத்தது, முயற்சி வீழ்ந்தது. 1783இல் மீண்டும் ஒரு வரித்திட்டம் முன்வைக்கப்பட்டது. அதனை முடக்கியது நியூயார்க் மாநிலம்.

ஒருவர் மறுப்பினும் அனைவரும் முடங்குவர் என்னும் நிலை அரசை நடத்த உதவாது என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்தின. 1787ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கூடிய பேரவை புதிய அரசமைப்பை வரைந்தபோது, திருத்த முறையை எளிதாக்குவதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாக அமைந்தது. ஆயினும் எளிமைக்கும் எல்லை வேண்டும் என அவர்கள் கருதினர். நொடிப்பொழுது விருப்பங்களுக்கு அடிப்படைச் சட்டம் ஆட்பட்டுவிடக் கூடாது. அதே வேளையில் கண்டறியப்பட்ட குறைகள் என்றென்றும் நிலைத்துவிடவும் கூடாது. இவ்விரு அச்சங்களின் நடுவே பிறந்ததே ஐந்தாம் உறுப்பு.

ஐந்தாம் உறுப்பின் இரு படிகள்

முன்மொழிவுக்கு இரு வழிகள் உள்ளன. காங்கிரசின் இரு அவைகளும் மூன்றில் இரு பங்கு ஆதரவோடு முன்மொழியலாம். அல்லது மூன்றில் இரு பங்கு மாநிலச் சட்டமன்றங்கள் கோரினால் காங்கிரசு ஒரு தனிப் பேரவையைக் கூட்ட, அப்பேரவை முன்மொழியலாம். பேரவைக் கூட்டத்தின் இறுதி நாள்களில் வர்ஜீனியாவின் சார்பாளர் ஜார்ஜ் மேசன், காங்கிரசே தவறிழைக்கும்போது அதனிடமே திருத்தத்தை எதிர்பார்க்க இயலாது என வாதிட்டதன் பயனாக இரண்டாம் வழி சேர்க்கப்பட்டது. அவ்வழி இன்றுவரை ஒருமுறையேனும் நிறைவேறியதில்லை. எனினும் அதன் இருப்பே அழுத்தமாகச் செயற்பட்டதுண்டு. செனட் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் கோரிக்கையைச் செனட் அவை நெடுங்காலம் தட்டிக்கழித்தது. பேரவை கோரும் மாநிலங்களின் எண்ணிக்கை உயர்ந்துகொண்டே சென்றபின் அவை இறங்கிவந்தது. 17ஆம் திருத்தம் 1913இல் நிறைவேறியது.

ஏற்புறுதிக்கும் இரு வழிகள். நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஏற்கலாம். அல்லது அதே அளவு மாநிலங்களில் இதற்கெனக் கூட்டப்படும் பேரவைகள் ஏற்கலாம். எவ்வழி என்பதைக் காங்கிரசே முடிவு செய்யும். இன்று 50 மாநிலங்கள் உள்ளமையால் 38 மாநிலங்களின் ஏற்பு தேவை. வேறு சொற்களிற் கூறின், 13 மாநிலங்கள் வாளாவிருந்தாலே ஒரு திருத்தம் நின்றுவிடும்.

இவ்விரு படிகளிலும் குடியரசுத் தலைவருக்கு இடமில்லை. சட்ட முன்வரைவுகளுக்கு வேண்டப்படும் அவரது ஒப்பம் திருத்தங்களுக்கு வேண்டியதில்லை என 1798ஆம் ஆண்டு ஹாலிங்ஸ்வொர்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்களிலும் மக்கள் வாக்கெடுப்பின்வழி ஏற்புறுதியைத் தீர்மானிக்க இயலாது என்பது 1920ஆம் ஆண்டு ஹாக் வழக்கின் முடிவு. ஒப்புதல் அளிப்பவர் மக்களே எனினும், அவர்களின் குரல் அவைகளின் வழியாகவே ஒலிக்க வேண்டும் என்பது இம்முறையின் இயல்பு.

அனுப்பப்பட்டவை பன்னிரண்டு, நிறைவேறியவை பத்து

1789ஆம் ஆண்டு சூன் 8ஆம் நாள் ஜேம்ஸ் மேடிசன் குடிமக்களின் உரிமைகளைக் காக்கும் திருத்தங்களைப் பிரதிநிதிகள் அவையில் முன்வைத்தார். அவ்வவை 17 திருத்தங்களை ஏற்றது. செனட் அவற்றைச் சுருக்கியது. முடிவில் 12 திருத்தங்கள் அவ்வாண்டு செப்டம்பர் 25ஆம் நாள் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. 1791 டிசம்பர் 15ஆம் நாள் அவற்றுள் பத்து ஏற்புறுதி பெற்றன. உரிமைகள் பட்டயம் என அழைக்கப்படுபவை அவையே.

எஞ்சிய இரண்டும் பட்டியலின் தலைப்பில் இருந்தவை. முதலாவது, பிரதிநிதிகள் அவையின் உறுப்பினர் எண்ணிக்கையைப் பற்றியது. இரண்டாவது, காங்கிரசு உறுப்பினர்கள் தமக்குத் தாமே உயர்த்திக்கொள்ளும் ஊதியம் அடுத்த தேர்தலுக்குப் பின்னரே நடப்புக்கு வரவேண்டும் என்பது. இவை தோற்றனவா, காத்திருந்தனவா என்பதை அக்காலத்தில் எவரும் கேட்கவில்லை. காலவரம்பு என்ற கருத்தே அன்று எழவில்லை. 1939ஆம் ஆண்டு, 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி, மாசசூசெட்ஸ், ஜார்ஜியா, கனெக்டிகட் ஆகிய மூன்று மாநிலங்கள் உரிமைகள் பட்டயத்துக்குத் தம் ஏற்பை வழங்கின. சட்ட விளைவு ஏதும் அற்ற செயலே எனினும், ஏற்புறுதி என்பது மாநிலங்களின் மனச்சான்றோடும் தொடர்புடையது என்பதற்கு இது சான்றாகும்.

போர்க்காலத்து இரு பதின்மூன்றாம் திருத்தங்கள்

1861ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், தென் மாநிலங்கள் பிரிந்து செல்லத் தொடங்கியிருந்த வேளையில், காங்கிரசு ஒரு திருத்தத்தை முன்மொழிந்தது. மாநிலங்களின் அடிமை முறையில் தலையிடும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கு வழங்கும் எத்திருத்தமும் எதிர்காலத்தில் கொண்டுவரப்படலாகாது என்பது அதன் சாரம். கார்வின் திருத்தம் எனப்படும் அது நிறைவேறியிருப்பின் 13ஆம் திருத்தம் என்னும் இடத்தைப் பெற்றிருக்கும். சில மாநிலங்கள் அதனை ஏற்கவும் செய்தன. போர் மூண்டது; திருத்தம் கைவிடப்பட்டது.

நான்கு ஆண்டுகளுக்குள் அதே எண்ணைத் தாங்கி நேர் எதிரான திருத்தம் எழுந்தது. அடிமை முறையை ஒழிக்கும் தீர்மானத்தைச் செனட் 1864 ஏப்ரலில் ஏற்றது. பிரதிநிதிகள் அவை முதலில் போதிய வாக்கின்றிக் கைவிட்டு, 1865 சனவரி 31ஆம் நாள் 119க்கு 56 என்னும் வாக்கில் நிறைவேற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் ஜார்ஜியா 27ஆவது மாநிலமாக ஏற்க, 36 மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு நிறைந்தது. மிசிசிப்பி சட்டமன்றம் இதனை ஏற்றது 1995இல். அவ்வேற்பு முறைப்படி மைய அரசுக்குத் தெரிவிக்கப்பட்டதோ 2013இல்.

இந்நாட்டில் பிறந்தோர் அனைவரும் குடிமக்கள் என்றும், சட்டத்தின் சமமான பாதுகாப்பு எவருக்கும் மறுக்கப்படலாகாது என்றும் உரைக்கும் 14ஆம் திருத்தத்தின் கதை இன்னும் சிக்கலானது. 1866இல் முன்மொழியப்பட்ட அதனைப் போரில் தோற்ற தென் மாநிலங்களுள் டென்னசி நீங்கலாக ஏனையவை மறுத்தன. 1867ஆம் ஆண்டின் மீள்கட்டமைப்புச் சட்டம், காங்கிரசில் மீண்டும் இடம்பெற விரும்பும் மாநிலங்கள் இத்திருத்தத்தை ஏற்க வேண்டும் என நிபந்தனை விதித்தது. இதனிடையே ஒகையோவும் நியூஜெர்சியும் முன்னர் அளித்த ஏற்பைத் திரும்பப் பெற்றன. 1868 சூலை 20ஆம் நாள் வெளியுறவுச் செயலர் வில்லியம் சீவர்டு, திரும்பப் பெறுதல் செல்லாதெனில் திருத்தம் நிறைவேறியதாகும் என ஐயத்தோடு அறிவித்தார். மறுநாளே காங்கிரசு அவ்விரு மாநிலங்களையும் கணக்கில் சேர்த்துத் திருத்தம் நிறைவேறியது எனத் தீர்மானித்தது. சூலை 28ஆம் நாள் சீவர்டு ஐயம் நீக்கிய அறிவிப்பை வெளியிட்டார்.

ஏற்பைத் திரும்பப் பெறலாமா என்னும் வினா இவ்வாறு முதன்முறையாக எழுந்தது. அதற்கு விடையளித்தது நீதிமன்றமன்று. அந்நாளைய காங்கிரசின் பெரும்பான்மையே. குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பிறப்பால் குடிமக்களாவது இத்திருத்தத்தின் பயனே. 1898ஆம் ஆண்டு வோங் கிம் ஆர்க் வழக்கில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவரின் குடியுரிமையை உச்ச நீதிமன்றம் இதன் அடிப்படையிலேயே உறுதிசெய்தது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்த் தலைமுறையினரின் குடியுரிமையும் இந்த ஏற்புறுதியில் வேர்கொண்டதே.

ஏழு ஆண்டு வரம்பு

காலவரம்பு முதன்முதலாகத் தோன்றியது 1917ஆம் ஆண்டு முன்மொழியப்பட்ட மதுவிலக்குத் திருத்தத்தில். ஏழு ஆண்டுகளுக்குள் ஏற்புறுதி பெறாவிடின் திருத்தம் செயலற்றதாகும் என அதன் வாசகத்திலேயே எழுதப்பட்டது. வரம்பு விதித்தால் திருத்தம் வீழும் என எதிர்ப்பாளர்கள் எண்ணியிருந்தனர். ஆனால் 1919 சனவரி 16ஆம் நாளிலேயே, ஏறத்தாழ 13 மாதங்களில், 18ஆம் திருத்தம் நிறைவேறிவிட்டது. 1921ஆம் ஆண்டு தில்லன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வரம்பு செல்லும் எனக் கூறியதோடு, முன்மொழிவும் ஏற்புறுதியும் ஒரே முயற்சியின் இரு கூறுகள் ஆதலின் அவை ஒரு காலத்து மக்களின் கருத்தை எதிரொலிக்க வேண்டும் என்றும் கருதியது.

பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் 19ஆம் திருத்தத்தில் அத்தகைய வரம்பு இல்லை. 1878இல் முதன்முதலாகக் காங்கிரசில் கொண்டுவரப்பட்ட அம்முன்மொழிவு 1919 சூன் 4ஆம் நாளில்தான் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டது. 1920 ஆகஸ்டில் இன்னும் ஒரு மாநிலத்தின் ஏற்பே எஞ்சியிருந்த நிலையில் டென்னசி சட்டமன்றம் கூடியது. எதிர்ப்பின் அடையாளமாகச் சிவப்பு ரோசா அணிந்திருந்த 24 வயது உறுப்பினர் ஹாரி பர்ன், வாக்குரிமையை ஆதரிக்குமாறு தாய் எழுதிய கடிதத்தைத் தம் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஆகஸ்டு 18ஆம் நாள் அவர் ஆதரவாக வாக்களித்தார், திருத்தம் நிறைவேறியது. அம்மாநில நடைமுறையில் பிழை உண்டு என எழுந்த வழக்கை 1922இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. மாநிலம் ஏற்றதாக முறைப்படி அறிவித்துவிட்டால் அதுவே முடிவானது என்பது அத்தீர்ப்பு.

மதுவிலக்கை நீக்கிய 21ஆம் திருத்தம் தனித்தன்மை உடையது. சட்டமன்றங்களை விடுத்து மாநிலப் பேரவைகளால் ஏற்கப்பட்ட ஒரே திருத்தமும், முந்தைய திருத்தம் ஒன்றை நீக்கிய ஒரே திருத்தமும் அதுவே. 1933 பிப்ரவரியில் முன்மொழியப்பட்டு அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் நிறைவேறியது.

குழந்தைத் தொழிலும் காலத்தைப் பற்றிய வழக்கும்

குழந்தைகளின் உழைப்பைக் கட்டுப்படுத்தக் காங்கிரசு இயற்றிய இரு சட்டங்களை உச்ச நீதிமன்றம் 1918இலும் 1922இலும் செல்லாதவையாக்கியது. ஆகவே 18 வயதுக்குட்பட்டோரின் உழைப்பை நெறிப்படுத்தும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கு வழங்கும் திருத்தம் 1924இல் காலவரம்பின்றி முன்மொழியப்பட்டது. கான்சஸ் மாநிலம் 1925இல் அதனை மறுத்து, 1937இல் ஏற்றது. மறுத்தபின் ஏற்கலாமா, 13 ஆண்டுகள் கடந்த முன்மொழிவுக்கு உயிர் உண்டா என்னும் வினாக்களோடு கோல்மன் வழக்கு 1939இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. இவை அரசியல் வினாக்கள். இவற்றை முடிவு செய்ய வேண்டியது காங்கிரசே என நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

அதற்குள் தேவை வேறு வழியில் நிறைவேறியது. 1938இல் நியாயமான தொழில் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1941இல் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டு அச்சட்டத்தை ஏற்றது. 28 மாநிலங்களின் ஏற்போடு அத்திருத்தம் இன்றும் நிறைவுறாமல் நிற்கிறது. நீதிமன்றம் மனம் மாறினால் திருத்தத்தின் தேவையே மறையக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இருநூற்றிரண்டு ஆண்டுப் பயணம்

மேடிசனின் ஊதியத் திருத்தத்தை 1791 முடிவதற்குள் ஏற்ற மாநிலங்கள் ஆறு. 1873இல் காங்கிரசு தன் ஊதியத்தை முன்தேதியிட்டு உயர்த்திக்கொண்டபோது, அதனைக் கண்டிக்கும் வகையில் ஒகையோ அத்திருத்தத்தை ஏற்றது. 1978இல் வயோமிங் ஏற்றது. 1982இல் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன், காலவரம்பற்ற அம்முன்மொழிவு இன்னும் உயிரோடு உள்ளது என வாதிட்டுப் பாடக் கட்டுரை ஒன்றை எழுதினார். அதற்குக் கிடைத்த மதிப்பெண் ‘சி’ தரம். வாட்சன் சோர்ந்துவிடவில்லை, நாடெங்கும் உள்ள சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். 1983இல் மெய்ன், 1984இல் கொலராடோ எனத் தொடங்கிய ஏற்புகள் பெருகின. 1992 மே 7ஆம் நாள் மிச்சிகன் ஏற்றபோது தேவையான எண்ணிக்கை நிறைந்ததாகக் கொள்ளப்பட்டது. மே 18ஆம் நாள் தேசிய ஆவணக் காப்பாளர் சான்றளித்தார். இரு நாள்களில் பிரதிநிதிகள் அவை 414க்கு 3 என்றும், செனட் 99க்கு 0 என்றும் வாக்களித்து அதனை உறுதிசெய்தன. 2017இல் வாட்சனின் கட்டுரைக்குரிய தரமும் ‘ஏ’ எனத் திருத்தப்பட்டது.

202 ஆண்டுகள் 7 மாதங்களுக்கு மேல் காத்திருந்து நிறைவேறியது 27ஆம் திருத்தம். இதற்கு மறுமுனையில், வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய 26ஆம் திருத்தம் 1971 மார்ச் 23 முதல் சூலை 1 வரை, நூறு நாள்களில் நிறைவேறியது. ஒரு காலத்து மக்களின் கருத்தே ஏற்புறுதி என்னும் 1921ஆம் ஆண்டுக் கோட்பாடு 27ஆம் திருத்தத்தின் முன் வலுவிழந்தது.

சம உரிமைத் திருத்தம்: முற்றுப்பெறாத வினா

பாலின அடிப்படையில் உரிமைகள் மறுக்கப்படலாகாது என்னும் திருத்தம் 1923இலேயே காங்கிரசில் கொண்டுவரப்பட்டது. ஆயினும் 1972 மார்ச் 22ஆம் நாளில்தான் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டது. ஏழு ஆண்டு வரம்பு திருத்தத்தின் வாசகத்தில் இடம்பெறவில்லை. முன்மொழியும் தீர்மானத்தின் முகப்பில் இடம்பெற்றது. இச்சிறு இடமாற்றமே பிற்காலத்துப் பெரும் வழக்குகளுக்கு வித்தாயிற்று. 1977க்குள் 35 மாநிலங்கள் ஏற்றன. காங்கிரசு 1978இல் தனிப்பெரும்பான்மை கொண்டு வரம்பை 1982 சூன் 30 வரை நீட்டித்தது. புதிதாக எம்மாநிலமும் ஏற்கவில்லை. ஐந்து மாநிலங்கள் ஏற்பைத் திரும்பப் பெற்றன அல்லது வரம்போடு முடிந்ததாக அறிவித்தன.

27ஆம் திருத்தத்தின் வெற்றி புதிய நம்பிக்கையை அளித்தது. நெவாடா 2017இலும், இல்லினாய் 2018இலும், வர்ஜீனியா 2020 சனவரியிலும் ஏற்றன. 38 என்னும் எண்ணிக்கை நிறைந்தது என ஆதரவாளர்கள் கூறினர். வரம்பு முடிந்துவிட்டது என ஆவணக் காப்பாளர் சான்றளிக்க மறுத்தார். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைக் கட்டாயப்படுத்த இசையவில்லை. 2025 சனவரி 17ஆம் நாள் குடியரசுத் தலைவர் பைடன் இதனை 28ஆம் திருத்தமாகத் தாம் கருதுவதாக அறிவித்தார். எனினும் அது அரசமைப்பின் பகுதியாகச் சான்றளிக்கப்பட்டு வெளியிடப்படவில்லை. காலம், திரும்பப் பெறுதல், அறிவிக்கும் அதிகாரம் ஆகிய மூன்று வினாக்களும் இவ்வொரு திருத்தத்தில் ஒருங்கே வந்து நிற்கின்றன.

இந்திய முறையோடு ஓர் ஒப்பு

இந்திய அரசமைப்பின் 368ஆம் உறுப்பு வேறு அளவுகோலைக் கொண்டது. பெரும்பாலான திருத்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மையே போதும். கூட்டாட்சி அமைப்பைத் தொடும் சில பிரிவுகளுக்கு மட்டும் குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஏற்பு வேண்டும். செண்பகம் துரைராசன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் செல்லாதெனக் கூறியது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் பின்னணியில், சூன் மாதத்திலேயே முதல் திருத்தம் 15ஆம் உறுப்பில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்தது. தீர்ப்புக்குத் திருத்தத்தால் மறுமொழி கூறுவது இரு நாடுகளுக்கும் பொது. அமெரிக்காவின் 11, 14, 16, 26 ஆகிய திருத்தங்களும் இவ்வகையினவே. அம்மறுமொழிக்குத் தேவைப்படும் காலமே வேறு. வருமான வரித் தீர்ப்பு வந்தது 1895இல். அதனை மாற்றிய 16ஆம் திருத்தம் நிறைவேறியது 1913இல்.

விரைவுக்கும் விலை உண்டு. எளிதில் திருத்தத்தக்க அரசமைப்பில், எதைத் திருத்தலாகாது என்னும் வினா எழுந்தே தீரும். 1973ஆம் ஆண்டு கேசவானந்த பாரதி வழக்கில் பிறந்த அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு அவ்வினாவின் விளைவாகும். திருத்தம் அரிதாகிய அமெரிக்காவிலோ, அரசமைப்பின் பொருளை மாற்றும் பணி பெரிதும் நீதிபதிகளின் விளக்கத்திடம் சென்று சேர்ந்தது.

முடிவுரை

ஏற்புறுதி என்பது ஒரு தலைமுறையின் விருப்பத்தை வரும் தலைமுறைகளுக்கும் கட்டளையாக்கும் செயல். ஆதலின் அதற்கு அகன்ற ஒப்புதல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அவ்வொப்புதலை எண்ணும் முறையில்தான் வேறுபாடு தோன்றுகிறது. 1868இல் காங்கிரசு எண்ணியது. 1922இல் மாநிலத்தின் அறிவிப்பே போதும் என்றது நீதிமன்றம். 1939இல் நீதிமன்றம் விலகி நின்றது. 1992இல் ஆவணக் காப்பாளரின் சான்று முந்திக்கொண்டது. 2020க்குப் பின் அதே பதவியின் மறுப்பே தடையாயிற்று.

ஊதியத் திருத்தம் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் உயிர்பெற்றது. சம உரிமைத் திருத்தம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வாயிலில் நிற்கிறது. முன்னதன்மீது எவருக்கும் பெரும் பகை இல்லை. பின்னதன்மீது நாடே இரண்டுபட்டது. ஐந்தாம் உறுப்பு மௌனம் காத்த இடங்களை விதிகளைவிட அரசியல் இசைவே நிரப்பி வந்துள்ளது என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது. அம்மௌனத்தை நிலையான விதியால் நிரப்ப வேண்டுமெனில், அதற்கும் ஒரு திருத்தம் முன்மொழியப்பட வேண்டும். அதனையும் 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும்.